முற்றம் நித்திரையோ

நவம்பர் 3, ஞாயிறு

இன்று விடியமுதல் கனடா அரசாங்கம் நாட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரு மணித்தியாலம் இனாமாகக் கொடுத்தது. மற்றச் சனம் அதை நித்திரை கொண்டே தீர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் அது பெருநாள். ஒடீல் எழும்பின கையோடு மணிக்கூடுகள் எல்லாவற்றையும் பனிக்கால நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினாள். குசினியில் மைக்ரோவேவைக்கூட விடவில்லை. இனி நாலரைக்கே இருட்டிவிடும். இருட்டினால் கதை சொல்லலாம்.

அவளுடைய ஊர் குவாதலூப். கரீபியன் கடலில், வரைபடத்தில் ஈ இருந்து எழும்பிப் போன அடையாளம்போல ஒரு தீவு. அங்கே பகலில் கதை சொல்லக் கூடாதாம். சொன்னால் சொல்லுகிறவர் வெறும் கண்ணாடிப் போத்தலாகிப் போவாராம். அதனால்தான் மொன்றியல் பனிக்காலத்தை நேசிக்கிற ஒரே கரீபியன் சீவன் என் பெண்சாதி. கோடையில் ஒன்பது மணிவரை வெயில் நின்று அவள் வாயைக் கட்டிப்போடும்.

நான் யார் என்று இந்தக் கொப்பிக்குத் தெரியும். என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை முடிசூட்டிக்கொள்வது என் வழக்கம். நான் பேரின்பநாதன், வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். வில்லரேச் சுவர்களின் சக்கரவர்த்தி, மேற்குத் தீவுக் குளியலறைகளின் மாமன்னன், தூரிகையைத் தூக்கினால் ஈரப்பூஞ்சணம் இமயமலைவரை ஓடும். ஒடீல் எழுதிய நாலு சிறுவர் படப்புத்தகங்களுக்கும் படம் கீறியவனும் அடியேன்தான். ஒடீலின் தீவை இதுவரை கண்டதில்லை. ஒருதரம் வேறொருவனுடைய பெயரில் நாலு நாடு மாறி இங்கே பறந்து வந்தேன். இந்தப் பிறவிக்கு அந்த ஆகாயம் போதும்.

எங்கள் தொழில் தலைகீழானது. மற்ற எழுத்தாளர்கள் எழுதிக் கொடுக்க மற்றச் சித்திரக்காரர் கீறுவார்கள். இங்கே நான் முதலில் கீறுவேன். அவள் படத்தைப் பார்த்துக் கதை சொல்லுவாள், இருட்டின பிறகு, நாளுக்கு ஒரு விதமாக. எது மாறாமல் நிற்கிறதோ அதை எழுதுவாள். இப்போது நடப்பது ஐந்தாவது புத்தகம். வாவல் என்பவன் அவர்களுடைய திருவிழாவின் ராசா. கடதாசியிலும் துணியிலும் செய்த பெரிய பொம்மை. கொண்டாட்டம் முடிகிற சாம்பல் புதனன்று ஊரே கறுப்பும் வெள்ளையும் உடுத்து, ஒப்பாரி வைத்து, அவனைக் கொளுத்தும். எங்கள் புத்தகத்தில் ராசா தப்பி ஓடி ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிடுகிறான். பிறகு? எரிகிறானா, தப்புகிறானா? கடைசிப் பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது. போன பனிக்காலம் கேட்டபோது, "சொல்லும்போது தெரியவரும்" என்றாள்.

அதற்குள் சித்திரையில் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் ஒடீலுக்கு வந்திருக்கிற வருத்தத்துக்குப் பெயர் சொல்லிவிட்டார்கள். மறதி இல்லையாம். எல்லாம் ஞாபகம் இருக்கும், எல்லாம் விளங்கும். சொல் மட்டும் ஒவ்வொன்றாய்க் கழன்று போகுமாம். "என்ன வேலை செய்கிறீர்கள், மதாம்?" என்று டொக்டர் கேட்டார். "எழுதுகிறேன்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

இன்று பின்னேரம் மதராஸ் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு யன்னலோரக் கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். வெளியே விளக்குகள் பற்றின. தன் கிரெயோல் மொழியில் கூப்பிட்டாள்: "எஸ் லாக்கூ க தோமி?" முற்றம் நித்திரையோ? கதை தொடங்கமுன் முற்றத்துச் சனத்தைக் கேட்கிற கேள்வி.

முற்றம் என்றால் நான் ஒருவன்தான். என்றாலும் ஆயிரம் பேருடைய தொண்டையால் கத்தினேன்: "இல்லை! முற்றம் நித்திரையில்லை!" கீழ்வீட்டுப் பிலோமினம்மா தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில், எங்கள் காலுக்குக் கீழே, இடித்தா. அவவும் முற்றத்தில் சேர்த்தி.

கதை நன்றாகத்தான் ஓடியது. ராசா ஓடினான், ஊர் துரத்தியது, வீட்டுக்குள் புகுந்தான். "அவன் போய் ஒளித்தது... அது... நாலு கால்... படுக்கிற..."

"மாடு" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நவம்பர் 6

கடல் போய்விட்டது. சொல்லைச் சொல்கிறேன். படத்தைத் தொட்டு "நீலம்" என்றாள். நீலம் இன்னும் இருக்கிறது.

நவம்பர் 14

பதிப்பகத்து ஜெனெவியேவ் வந்திருந்தாள். நல்ல பெண், படிக்கட்டில் வழுக்காமல் ஏறத் தெரிந்தவள். படங்களைப் பார்த்து வழமைபோல மயங்கினாள். பேரின்பநாதன் அவள் வாயில் பெரின். "இந்தக் கடலின் நீலம், மிஸ்யே பெரின்! அந்தத் தீவில் பிறந்தவர்களால்தான் இப்படிக் கலக்க முடியும்!"

அந்த நீலம் கர்க்லாண்டில் ஒரு பல் வைத்தியருடைய குளியலறைக்கு அடித்ததில் மிஞ்சிய பெயின்ற். நாலு புத்தகத்துக் கடலும் அந்த ஒரு ரின்னுக்குள் இருந்துதான் வந்தது. இப்போது அடியில் கொஞ்சம் கிடக்கிறது. ஒடீலுக்கு இது தெரியும். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற இரகசியங்களில் மிகவும் சந்தோசமானது இதுதான்.

தேத்தண்ணி குடித்த பிறகு ஜெனெவியேவ் குரலைத் தாழ்த்தினாள். "இரண்டு வரிதானே வேண்டும்? வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்கலாம். அட்டையில் மதாமின் பெயர்தான் இருக்கும்."

மதாம் அதே சோபாவில், அதே பிஸ்கற் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். எல்லாரும் இப்படித்தான் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள், அவள் றெயில் ஏறிப் போய்விட்டவள்போல.

ஒடீல் தன் நெஞ்சைத் தொட்டாள். "நான்." பிறகு எதையோ தேடினாள். நாங்கள் காத்திருந்தோம். யன்னலைக் காட்டினாள். "பனி."

நான் மொழிபெயர்த்தேன்: "இந்தப் பனிக்காலத்துக்குள் முடிவைத் தானே சொல்லுவாவாம். அதுவரை பதிப்பகம் மண்டியிட்டுக் காத்திருக்கட்டுமாம்."

ஜெனெவியேவ் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். மார்ச்சில் மணிக்கூடு முன்னுக்குப் போகுமட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

கர்க்லாண்டிலிருந்து சிவமலர் அக்கா எழுந்தருளினா. கையில் வல்லாரை ஒரு கட்டு.

இருபது வருடத்துக்கு முன் நான் ஒடீலைக் கலியாணம் செய்யப்போகிறேன் என்றபோது இதே அக்கா ஒரு கிழமை சாப்பிடவில்லை. (சாப்பிட்டவ. எனக்குத் தெரியாமல்.) கலியாண அழைப்பிதழில் பெண்ணின் முழுப்பெயரைப் பார்த்துத்தான் வாய் திறந்தா. ஒடீல் வீராசாமி. "அட! எங்கட ஆக்களெல்லோ!" எந்தக் காலத்திலோ காரைக்காலிலிருந்து கரும்புத்தோட்டத்துக்குக் கப்பலேறிய ஒரு வீராசாமி, தன் கொள்ளுப்பேத்திக்கு யாழ்ப்பாணத்து மச்சாள் ஒருத்தியின் கடைக்கண் பார்வை கிடைக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

"டேய் தம்பி, இதைச் சம்பல் போட்டுக் குடு. ஞாபகம் வரும்."

"ஞாபகம் இருக்குது அக்கா. சொல்லுத்தான் வருகுதில்லை."

"ரெண்டும் ஒண்டுதானேடா! வாதாடாதை, தேங்காய் துருவு."

ஒடீல் சம்பலைச் சோற்றோடு கடைசிவரை சாப்பிட்டாள். "நல்லா இருக்கோ மச்சாள்?" என்று அக்கா கேட்க, "ஓம்" என்றாள். எங்களுடைய ஓம். அக்கா அழுதுவிட்டா. "பாத்தியே, பாத்தியே, தமிழ் வருகுது!"

அக்காவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். வரும்போது நானும் கொஞ்சம் நம்பினேன். ஏன் பொய் சொல்ல.

நவம்பர் 27

வல்லாரை தோற்றது.

இப்போது கதை இல்லை. ராசா இல்லை, ஊர் இல்லை, பெட்டை இல்லை. கூப்பிடுகிற அந்த ஒற்றை வரி மட்டும் முழுசாய், ஒரு எழுத்துச் சிந்தாமல் வருகிறது. செபம், பாட்டு, எண்ணிக்கை, இப்படி வாய்ப்பழக்கமாய்ப் போனவை கடைசிவரை நிற்கும் என்று டொக்டர் சொன்னவர்தான். இருட்டினதும் துணியைக் கட்டிக்கொண்டு ஏறி இருக்கிறாள். "முற்றம் நித்திரையோ?" "இல்லை!" என்று கத்துகிறேன். வாயைத் திறக்கிறாள். ஒன்றும் வரவில்லை. படத்தைப் பார்க்கிறாள். திரும்பவும் "முற்றம் நித்திரையோ?" திரும்பவும் "இல்லை!"

தேர் இல்லாமல் வடத்தை மட்டும் இழுக்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் இழுக்கிறாள். ஒவ்வொருதரமும் இந்தமுறை வரும் என்ற முகத்தோடு. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எவ்வளவு சுவர் பார்த்தவன் நான்.

டிசம்பர் 3

எழுதத்தான் வேண்டும்.

நாள் முழுக்க கர்க்லாண்டில் ஒரு வீட்டு முகட்டுக்குப் பெயின்ற் அடித்தேன். கழுத்து பின்னுக்கு மடிந்தபடி நின்றுவிட்டது. படிக்கட்டில் ஐஸ். கதவைத் திறந்தேன், சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, அவள் துணி கட்டிக் கதிரையில் இருக்கிறாள். "முற்றம் நித்திரையோ?" இல்லை என்றேன். "முற்றம் நித்திரையோ?" இல்லை. ஜக்கெற்றைக் கழற்றினேன். "முற்றம் நித்திரையோ?" இல்லையம்மா, இல்லை. சோற்றைச் சூடாக்கினேன். "முற்றம் நித்திரையோ?"

பகிடிதான் விட்டனான், விளையாட்டுக்கு. கடவுளாணை பகிடிதான்.

"ஓம்" என்றேன். "முற்றம் நித்திரை. குறட்டையும் விடுகுது." சொன்னதோடு விட்டேனா? நான் எதையும் சிறிதாய்ச் செய்து பழகாதவன். கதவு நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, காட்டெருமை பத்துச் சேர்ந்து விடுகிற மாதிரி ஒரு குறட்டை விட்டேன்.

இருபது வருடமாய் இப்படி ஒன்று விட்டால் ஒரு செருப்புப் பறந்து வரும். செருப்புக்காகத்தான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

அவள் தலைத்துணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மடியில் வைத்து நாலாய் மடித்தாள். உள்ளங்கையால் ஒருதரம் அழுத்தினாள். எழும்பி அலுமாரி லாச்சியை இழுத்து உள்ளே வைத்தாள். கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அறைக்குள் போனாள்.

கோபமில்லை. கோபமில்லை அவளுக்கு. அதுதான் என்னால் தாங்க ஏலாமல் கிடக்கு.

டிசம்பர் 4

இருட்டியது. கூப்பிடவில்லை.

டிசம்பர் 5

இருட்டியது.

டிசம்பர் 9

இரண்டாவது புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய ஊர்க் கதைசொல்லி ஒருத்தியின் கதை அது. முற்றம் நித்திரை என்று பதில் வந்தால் கதைசொல்லி கெஞ்ச மாட்டாள். திரும்பக் கேட்க மாட்டாள். விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அதுதான் மரியாதை; சொல்லுகிறவளுக்கும் மரியாதை, நித்திரை கொள்ளுகிற சனத்துக்கும் மரியாதை. ஒடீலே எனக்கு விளங்கப்படுத்தியது.

இருபத்தாறாம் பக்கத்தில் அந்தப் பெண் விளக்கோடு போகிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. அந்த முதுகைக் கீறியவன் நான். கோழிகள் கொழுத்துப் போயின என்று மற்றப் படங்களில் பிழை பிடித்தவள், இந்தப் படத்தை மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல் நெடுநேரம் வைத்துப் பார்த்தாள். இவ்வளவும் தெரிந்தவன், எல்லாம் தெரிந்தவன், வாசலில் நின்று குறட்டை விட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். பிரெஞ்சில் கேட்டேன், தமிழில் கேட்டேன், எனக்குத் தெரிந்த நாலு கிரெயோல் சொல்லையும் போட்டுக் கேட்டேன். என் தலையைத் தடவிவிட்டாள். எதற்காகக் கேட்கிறேன் என்றுகூட அவளுக்கு விளங்கவில்லைபோல. சண்டை என்றால் சமாதானம் செய்யலாம். இது சண்டையில்லை. கதை நேரம் முடிந்தது, அவ்வளவுதான்.

அக்காவின் மகள் தனுஷாவுக்குப் போனில் சொன்னேன்.

"மாமா, உங்களுக்கு எல்லாம் பகிடி, என்ன? சின்னனிலயிருந்து பாக்கிறன். செத்தவீட்டிலயும் பகிடி. மாமிக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒண்டுதான்."

"தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சே செய்தனீங்கள்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒடீலுக்கு மட்டுமில்லை, வருத்தம் இந்த வீடு முழுக்கத்தான்.

டிசம்பர் 22, ஞாயிறு

முற்றம் தானாக விழித்திருப்பதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு மகா திட்டம் போட்டேன். தனியொருவனுடைய குறட்டையை ஒரு படையைத் திரட்டித்தான் அழிக்க வேண்டும்.

அக்கா, தனுஷா, அவளுடைய இரண்டு பெட்டைகள், பிலோமினம்மா. எல்லாரையும் நிலத்தில் இருத்தி, வெளிச்சத்தை அணைத்து, கதிரையை யன்னல்பக்கம் திருப்பி, துணியை எடுத்து அதன் மேல் வைத்தேன். வருடத்திலேயே கெதியாய் இருட்டுகிற நாட்களில் ஒன்று. ஒடீல் அறையிலிருந்து வந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

அவள் விளக்கைப் போட்டாள். விருந்தாளிகள் நிலத்தில் இருக்கிறார்களே! ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரை கொண்டுவந்து கொடுத்தாள். தன்னுடைய கதிரையையும் பிலோமினம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்தாள். துணியை மடித்து லாச்சிக்குள் வைத்தாள்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒருவரும் கேட்காமலே எழும்பி நின்று, "நித்திரையில்லை! மச்சாள், நாங்கள் ஒருத்தரும் நித்திரையில்லை!" என்று கத்தினா. பெட்டைகளும் கத்தினார்கள். பிலோமினம்மா, "சேசுவே, நான் மத்தியானமும் படுக்கேல்லை பிள்ளை" என்று சத்தியம் பண்ணினா.

ஒடீல் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள்.

சனம் போன பிறகு மிஞ்சிய துண்டை எனக்குத் தந்தாள். சாப்பிட்டேன். வேறென்ன செய்ய.

ஜனவரி 8

கதிரைக்கு இனி வரமாட்டாள். ஆகவே அந்த இரண்டு வரியையும் நானே எழுதுவதென்று துணிந்தேன்.

"ராசா எரிந்தான். சாம்பல் கடல் தாண்டிப் பறந்து, மொன்றியலில் பனியாய் விழுந்தது."

எழுதிவிட்டு என்னை நானே கட்டிப்பிடிக்காத குறை. நோபல் பரிசுக்குக் கோட்டுத் தைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒடீலுக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினேன். முதல் பூச்சு அடிக்காத சுவரில் நேராகப் பெயின்ற் அடித்தவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். இல்லை.

சரி. "ராசா தப்பினான். இன்றும் அந்தக் கட்டிலின் கீழே சுகமாய் இருக்கிறான்."

இல்லை.

பிறகு ஏதேதோ எழுதினேன். ராசா மீனானான், ராசா மேகமானான், ராசா பாண் சுடுகிற போறணைக்குள் ஒளித்தான். எல்லாவற்றுக்கும் இல்லை. அவளுக்கு முடிவு தெரியும். எனக்குச் சந்தேகமே இல்லை, உள்ளே அது இருக்கிறது, கதவுதான் இல்லை. இருந்த ஒரு கதவையும் நான் அறைந்து சாத்தினேன்.

ஜனவரி 20

என் பெயர் போய்விட்டது. இன்று என்னைக் கூப்பிட வேண்டி வந்தபோது மேசையில் தட்டினாள். இரண்டு தட்டு. நான் போனேன்.

பெப்ரவரி 17

ஒன்றின் பின் ஒன்றாய் இரண்டு பனிப்புயல். படிக்கட்டு எங்கே என்று தெரியவில்லை. வேலைக்குப் போகவில்லை. உலகத்தை வெள்ளையடிக்கிற காண்ட்ராக்ற் வேறு யாருக்கோ கிடைத்திருக்கிறது. ஒரே பூச்சில் முடித்துவிட்டான்.

ராசாவுக்கு என் முகத்தைத்தான் வைத்தேன். போன வருடம் பகிடிக்காக வைத்தது. மூக்கை மட்டும் கொஞ்சம் வடிவாக்கினேன். அந்தப் படங்கள் இப்போது குசினிச் சுவரில் வரிசையாய்த் தொங்குகின்றன. கடதாசிக் கிரீடம், புளுகு வாய், பெரிய வயிறு, உள்ளுக்குள் வைக்கோல். தேத்தண்ணி போடும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறான். என்னடா பார்க்கிறாய்? உன்னைக் கொளுத்துறதுதான் சரி. உன்னை மட்டுமில்லை.

ஜெனெவியேவ் மின்னஞ்சலில் ஒரு எழுத்தாளரின் பெயரை அனுப்பியிருக்கிறாள். நல்ல எழுத்தாளராம், அந்தத் தீவுகளை நன்கு அறிந்தவராம். "உங்கள் கஷ்டம் விளங்குகிறது" என்று கடைசியில். விளங்கட்டும். பதில் போடவில்லை.

ஒடீல் யன்னலோரம் நிற்கிறாள். நாலரைக்கு வருகிற இருட்டு இப்போது ஐந்தரைக்குப் போய்விட்டது. வெளிச்சம் நாளுக்கு நாள் உள்ளே வருகிறது. இவ்வளவு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறது?

பெப்ரவரி 26

இப்போது எதற்கும் "வீ" தான். ஆம் என்பது அவள் ஊர்ப் பேச்சில். தேத்தண்ணி வேண்டுமா? வீ. வேண்டாமா? வீ. குளிருதா? வீ. நான் மடையனா? வீ.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் கெதியாய் வந்தது.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலையில் எழும்பிப் பார்த்தேன். ஒடீல் கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் உடுத்துக் குசினியில் நிற்கிறாள். நான் சொல்லவில்லை. நாட்காட்டியும் வீட்டில் இல்லை. ராசா எரிகிற நாள் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

நானும் கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டேன். பிலோமினம்மா மாதா கோயிலிலிருந்து வந்து, நெற்றியில் சாம்பலோடு, பாண் தர மேலே ஏறினா. "இதென்ன தம்பி, ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி?" ஒடீல் அவவுடைய நெற்றிச் சாம்பலை ஒரு விரலால் தொட்டாள். அந்த விரலை என் சேட்டில், நெஞ்சுப் பக்கம், மெல்லத் துடைத்தாள். பிலோமினம்மா ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போனா.

பின்னேரம் வெளிச்சம் போகப் போக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கிழமை முடிய மணிக்கூடு முன்னுக்குப் போய்விடும். என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் லாச்சியைத் திறந்தேன். துணியை எடுத்து என் மொட்டைத் தலையில் கட்டினேன். கதிரையை யன்னல்பக்கம் திருப்பி, அவளுடைய இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஒடீல் என் எதிரே நீட்டு மர வாங்கில் வந்து அமர்ந்தாள். அந்த உயரத்தில் இருந்து அவளை நான் பார்த்ததே இல்லை.

ஒரு கதையும் என்னிடம் இல்லை. வாழ்க்கை முழுக்கப் புளுகினவன், அந்த நேரம் ஒரு புளுகும் கைவசம் இல்லை. கூப்பிட்டேன்:

"எஸ் லாக்கூ க தோமி?"

தெருவில் பனி வாருகிற வண்டி போனது. அதன் மஞ்சள் வெளிச்சம் சுவரில் சுற்றி ஓடி மறைந்தது.

"வீ" என்றாள்.

எதற்கும் சொல்லுகிற வீ. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அவள் முடிக்கவில்லை. உதடு எதையோ பிடிக்கப் போனது, தவறவிட்டது, திரும்பவும் போனது.

"வீ. க தோமி."

ஓம். நித்திரை.

சொல்லிவிட்டு வாங்கில் சாய்ந்தாள். கண்ணை மூடினாள். குறட்டை விட்டாள். சாதாரணக் குறட்டை இல்லை. மூக்கைச் சுருக்கி, வாயைப் பிளந்து, காட்டெருமை பத்துச் சேர்ந்து விடுகிற குறட்டை. என் குறட்டை. மூன்று மாதமாய் உள்ளே பத்திரமாக வைத்திருந்து, ஒரு இம்மியும் குறையாமல் திருப்பித் தந்தாள்.

கீழேயிருந்து தும்புத்தடி இடித்தது.

நான் சிரித்தேனா அழுதேனா என்று எழுதப்போவதில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் முறை முறைதான். முற்றம் நித்திரை என்றால் சொல்லுகிறவன் போக வேண்டும். தலைத்துணியைக் கழற்றினேன். மடியில் வைத்து நாலாய் மடித்தேன். உள்ளங்கையால் அழுத்தினேன். எழும்பினேன்.

இரண்டு அடி வைக்கவில்லை. என் சேட்டு இழுபட்டது.

திரும்பிப் பார்த்தேன். கண் மூடியபடிதான். குறட்டையும் நிற்கவில்லை. ஒரு கை மட்டும் நீண்டு வந்து என் சேட்டின் நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது.

நான் அப்படியே நின்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

நவம்பரில் தந்த மணித்தியாலத்தை அரசாங்கம் திருப்பி எடுத்துக்கொண்டது. மணிக்கூடுகளை இன்று நான்தான் மாற்றினேன். மைக்ரோவேவை மட்டும் விட்டுவிட்டேன். அது அவளுடைய நேரத்திலேயே கிடக்கட்டும்.

புதன்கிழமைக்குப் பிறகு அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீயும் இல்லை. அன்று எடுத்தது அடிச்சட்டியில் கிடந்த கடைசி அகப்பை என்று நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தைக் கீறி முடித்தேன். ராசா கதவடியில் நிற்கிறான். முதுகு மட்டும் தெரிகிறது. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். சின்னப் பெட்டை கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளுடைய ஒரு கை மட்டும் போர்வைக்கு வெளியே. ராசாவின் சேட்டு நுனி அந்தக் கைக்குள். யன்னலுக்கு அப்பால் கடல். பல் வைத்தியரின் ரின்னைச் சுரண்டி எடுத்தேன். ஒரு மூலைக்குக் கொஞ்சம் போதாமல் போய்விட்டது. அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டேன்.

ஒடீலிடம் காட்டினேன். இரண்டாவது புத்தகத்தின் இருபத்தாறாம் பக்கத்தை எப்படிப் பார்த்தாளோ அப்படிப் பார்த்தாள். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் தானே தொங்கவிட்டாள்.

ஜெனெவியேவுக்குப் படத்தை அனுப்பினேன். ஞாயிறென்றும் பாராமல் உடனே போன் எடுத்தாள்.

"அழகாக இருக்கிறது. ஆனால் எரிகிறானா, இல்லையா? கீழே என்ன வரி போடுவது?"

"ஒன்றும் போட வேண்டாம்."

"இது மதாமின் முடிவா, உங்களுடையதா?"

"மதாமுடையது. என் சேட்டில் இருக்கிறது, வந்து பார்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

இன்று ஏழு மணியாகும் இருட்ட. அக்காவும் தனுஷாவும் கோழிக்கறியோடு வருகிறார்களாம். பிலோமினம்மாவும் வருவாவாம், இந்தமுறை தன் கதிரையைத் தானே கொண்டு. என்ன கதை சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. ஒடீல் இப்போதே வாங்கில் வந்து இருந்துவிட்டாள். வெளியே நல்ல வெயில். துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, போத்தலாகிப் போய்விடாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.